காரு பெயிண்ட் வெயில்ல போகாம இருக்க என்ன செய்யலாம்: கன்னியாகுமரி மாவட்டத்துக்காரங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

எங்கிட்ட ஒரு செவப்பு கார் இருக்கு, 2011 மாடல். ராஜாக்கமங்கலம் பக்கம் வீடு, ஏழு வருஷம் முற்றத்துல வெட்டவெளியில கெடந்துச்சு, ஒரு நாள் பாத்தா கூரை மேல பாம்பு சட்டை உரிச்ச மாதிரி வெள்ளையா உரிஞ்சு நிக்குது. அதுக்கப்புறம்தான் பெயிண்ட்னா என்னன்னே தேடிப் படிக்க ஆரம்பிச்சேன், ரெண்டு மூணு பெயிண்டர் கடையில போய் மணிக்கணக்கா நின்னு பாத்தேன். இப்ப சொந்தக்காரங்க, கூட வேலை பாக்குறவங்க எல்லாம் கார் வாங்குனா முதல்ல எனக்குத்தான் போட்டோ அனுப்புறாங்க, ஒரே பதிலை எத்தனை பேருக்கு டைப் பண்றதுன்னு எல்லாத்தையும் இங்க சேத்து எழுதிட்டேன். நான் மெக்கானிக் இல்ல, கடையும் வச்சிருக்கல, எதையும் விக்கிறதுக்காக எழுதல.

நம்ம ஊர்ல வேலூர் மாதிரி சூடே கெடையாதே, பிறகு ஏன் பெயிண்ட் போகுது?

இதைத்தான் எல்லாரும் கேப்பாங்க. நியாயம்தான், மே மாசத்துல கூட நாரோயில்ல (நாகர்கோவில்) 35, 36 டிகிரி தாண்டுறது அபூர்வம், வேலூர்ல 40 சாதாரணம். ஆனா பெயிண்டைக் கெடுக்குறதுல முதல் ஆள் சூடு இல்ல, வெயில்ல இருக்குற புற ஊதாக் கதிர். தெர்மாமீட்டர் அதைக் காட்டாது. கடல் காத்து நம்மள குளுப்பாட்டும், கதிரை ஒண்ணும் பண்ணாது. நம்ம மாவட்டம் இருக்குறது 8 டிகிரி வடக்க, சென்னை 13. பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல போகப் போக சூரியன் தலைக்கு நேரா நிக்கும், கதிர் காத்து மண்டலத்துல கம்மி தூரம்தான் பயணம் பண்ணி வரும், வடிகட்டுறதும் கம்மி. ஏப்ரல் ரெண்டாவது வாரமும் ஆகஸ்ட் கடைசியிலயும் நம்ம ஊர்ல மத்தியானம் கம்பு நட்டா நிழல் அடியிலயே ஒதுங்கிரும், பாத்திருப்பீங்க. மார்ச், ஏப்ரல் மத்தியானத்துல புற ஊதா அளவெண் 11ஐத் தாண்டும், அதுதான் அந்த அளவுகோல்லயே மோசமான கட்டம். லேசா மேகம் இருந்தா கூட பாதிக்கு மேல உள்ள வந்துரும். கடற்கரைப் பக்கம் காஞ்ச மணல் வேற 15 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், அதனால காரோட பக்கவாட்டுக்கும் பங்கு கெடைக்கும்.

வேலூர்க்காரனுக்கு இல்லாத ரெண்டு வில்லங்கம் நமக்கு இருக்கு. ஒண்ணு ஈரம், ஆனி ஆடியில ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில இன்னொரு மழை, காத்துல எப்பவும் ஈரம். இன்னொண்ணு உப்பு. வெயில் வெடிக்க வைக்குது, அந்த வெடிப்புல ஈரம் ஏறுது, அடுத்த நாள் வெயில் அதைக் காய வைக்குது, இது வருஷத்துல முந்நூறு நாள் நடந்தா என்ன மிஞ்சும்.

சரி, வெயில் பெயிண்ட்ல என்னதான் பண்ணுது?

கார் பெயிண்ட்னா ஒரே பூச்சு இல்ல. தகரத்து மேல துரு புடிக்காம இருக்க ஒரு அடிப்பூச்சு, அதுக்கு மேல பிரைமர், அதுக்கு மேல கலர், எல்லாத்துக்கும் மேல நிறமே இல்லாத கண்ணாடி மாதிரி ஒரு கிளியர் கோட். இவ்வளவும் சேந்து கனம் எவ்வளவுன்னு நெனைக்கிறீங்க? 100ல இருந்து 140 மைக்ரான், அதாவது கிட்டத்தட்ட ஒரு ஜெராக்ஸ் பேப்பர். அதுல கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான்தான். நாம மினுமினுப்புன்னு சொல்றது முழுக்க அந்த அரைப் பேப்பர் கனத்துலதான் இருக்கு.

கம்பெனிக்காரன் அந்த கிளியர் கோட்லயே வெயிலுக்கு மருந்து கலந்துதான் அனுப்புறான். ஒரு மருந்து கதிரை வாங்கி சூடா மாத்தி வெளிய விட்ரும், இன்னொண்ணு கதிர் கிளியர் கோட்டோட பிசினை உடைக்கும்போது உண்டாகுற கோளாறுகளைப் புடிச்சு அடக்கும். ரெண்டும் தீந்து போற சாமான், பேங்க்ல போட்டு வச்ச பணம் மாதிரி, தினமும் வெட்டவெளியில நிக்குறவன் தினமும் எடுத்துச் செலவு பண்றான். தீந்ததும் கிளியர் கோட் நொறுங்க ஆரம்பிக்கும், முதல்ல பளபளப்பு போகும், அப்புறம் புகை மாதிரி வெள்ளைத் திட்டு, அப்புறம் உரியும். எப்பவுமே கூரை, பானெட், டிக்கி மூடி, இந்த மூணும்தான் முதல்ல போகும், ஏன்னா அதுதான் வானத்தைப் பாத்துப் படுத்துருக்கு. கதவு நல்லா இருக்கேன்னு ஏமாந்துராதீங்க, செகண்ட் ஹேண்ட் கார் பாக்கப் போனா ஒரு ஸ்டூல் போட்டு ஏறி கூரையப் பாருங்க.

எந்த கலர் வாங்குனா நல்லது?

வெள்ளை. விருப்பம்னு ஒண்ணு இருக்கு, ஆனா கணக்குன்னு பாத்தா வெள்ளை, அப்புறம் சில்வர். கருப்பு கார் பானெட் மத்தியானம் 70 டிகிரியைத் தாண்டும், தொட்டா கை பொத்துப் போகும், வெள்ளை அந்தளவுக்குப் போகாது. சூடு கூடக் கூட உள்ள நடக்குற கெடுதலும் வேகமா நடக்கும். செவப்புக்கு வேற பிரச்சினை, செவப்பு நிறமி நெறைய வெயில்ல வெளுக்குற ஜாதி, கிளியர் கோட் பலம் குறைஞ்சதும் முதல்ல மங்குறது அதுதான். நான் அனுபவிச்சவன்.

வெள்ளைக்கு நிறம் குடுக்குறது டைட்டானியம் டை ஆக்சைடு. அது எதுல இருந்து வருதுன்னா இல்மனைட்ங்கிற கனிமத்துல இருந்து, இல்மனைட் எங்க இருக்குன்னா நம்ம மணவாளக்குறிச்சி மணல்ல. மத்திய அரசோட ஐஆர்இஎல் கம்பெனி அங்க மணலப் பிரிச்சு எடுக்குது, திருவனந்தபுரத்துல டிராவன்கூர் டைட்டானியம் கம்பெனியில இல்மனைட்ல இருந்து அந்த வெள்ளைப் பொடி செய்றாங்க. ஆக ஊர்ல ஓடுற வெள்ளை கார்ல பாதி நம்ம கடற்கரைக்குச் சொந்தக்காரன்னு சும்மா ஜம்பம் அடிச்சுக்கலாம்.

கவர் வாங்கிப் போட்டா போதும்தானே?

எங்க நிறுத்துறீங்கங்கிறதைப் பொறுத்துருக்கு. ஆரல்வாய்மொழி, முப்பந்தல், செண்பகராமன்புதூர் பக்கம்னா தயவு செஞ்சு போடாதீங்க. ஆனியில இருந்து புரட்டாசி வரை அந்தக் கணவாய் வழியா வர்ற காத்து சும்மாவா, கரண்டு எடுக்குற காத்தாடியா நட்டு வச்சிருக்கான். அந்தக் காத்துல கவர் படபடன்னு அடிக்கும், அடிக்கும்போது உள்ள புகுந்த மணல் பெயிண்ட் மேல தேயும், ஒரு சீசன் முடிஞ்சு கவரை எடுத்தா காரை யாரோ உப்புத்தாள் வச்சு தேச்ச மாதிரி இருக்கும். என் மச்சான் ஒருத்தன் புது கார் எடுத்த கையோட கவரும் வாங்கி ஆசையா போட்டான், மூணு மாசத்துல மிரர் ஓரம், கதவு கைப்பிடி, பானெட் முனை எல்லாம் மங்கிப் போச்சு. வெயில்ல விட்டிருந்தா அஞ்சு வருஷம் ஆகிருக்கும்.

காத்து அடங்குன எடம்னா, அதாவது மதில் சுத்தி இருக்குற வீடு, தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் உள்ள தாழ்ந்த எடம், அங்க கவர் கொள்ளாம் (நல்லதுதான்). ஆனா மூணு விஷயம். கழுவின கார் மேலதான் போடணும், அழுக்கு மேல போட்டா மேல சொன்ன கதைதான். துணி மூச்சு விடுற மாதிரி இருக்கணும், பிளாஸ்டிக் தார்ப்பாய் மாதிரி இருக்குறதைப் போட்டா நம்ம ஈரத்துக்கு உள்ள வேர்த்து பெயிண்ட்ல கொப்புளம் மாதிரி வரும், பூசணம் வேற. மழைக்காலத்துல ரெண்டு நாளைக்கு ஒருக்கா கழட்டிக் காய விடணும். இதெல்லாம் தினமும் செய்ய முடியாதுன்னா கவரைப் பத்தி நெனைக்கவே வேண்டாம்.

மரத்தடியில நிறுத்தலாமா?

மரத்தைப் பொறுத்துருக்கு மக்கா. தென்னைக்கு அடியில நிறுத்துனா பெயிண்டைப் பத்தி பிறகு பேசலாம், முதல்ல கண்ணாடியும் கூரையும் மிஞ்சணும். ஈத்தாமொழிக்காரங்களுக்கு நான் சொல்லித் தரணுமா, அங்க தேங்கா சைஸே வேற. மாமரம் பிசின் வடிக்கும், மாசி பங்குனியில பூவுல இருந்து ஒரு ஒட்டுற சாறு பொடிப்பொடியா காரு முழுக்க விழும், அது மேல தூசி ஒட்டும், வெயில்ல காஞ்சு கெட்டியாயிடும். கொல்லாமரம் (முந்திரி) இன்னும் மோசம், கொல்லாம்பழச் சாறு துணியில பட்டாலே போகாது, பெயிண்ட்ல சும்மா விடுமா. வாத மரத்துல (நாட்டு வாதாம்) ராத்திரி வவ்வால் வந்து பழத்தைச் சப்பிப் போடும், கூடவே எச்சமும். புளியமரம், வேம்பு பரவாயில்ல, நிழல் நல்லாருக்கும், ஆனா காக்கா கூடு கட்டுன மரமான்னு ஒரு தடவ மேல பாத்துக்குங்க.

பறவை எச்சத்தைப் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா வெயில் ரெண்டு வருஷத்துல பண்றதை இது ஒரே மத்தியானத்துல பண்ணிரும். அதுல அமிலம் இருக்கு. வெயில்ல கிளியர் கோட் சூடேறி இளகி விரியும், சாயங்காலம் குளுந்து சுருங்கும், சுருங்கும்போது காஞ்ச எச்சத்தோட ஓரத்தைச் சுத்தி இறுகிப் புடிச்சு அந்த வடிவத்துலயே ஒரு தடம் விழுந்துரும், அப்புறம் எவ்வளவு கழுவினாலும் போகாது. அதனால பாத்த உடனே எடுக்கணும். நகத்தால சுரண்டாதீங்க, காஞ்ச துணியால தேய்க்காதீங்க, அதுல கல்லும் விதையும் இருக்கும். ஒரு துணியை வெள்ளத்துல (நம்ம ஊர்ல தண்ணிக்கு வெள்ளம்னுதான் சொல்லுவோம்) முக்கி எச்சத்து மேல அஞ்சு பத்து நிமிஷம் போட்டு வைங்க, ஊறினதும் அப்படியே தூக்கி எடுங்க. டிக்கியில ஒரு பாட்டில் வெள்ளமும் ஒரு மெத்துன்னு துணியும் எப்பவும் கெடக்கட்டும், கடையில விக்கிற எந்த சாமானையும் விட எனக்கு இதுதான் உதவிருக்கு.

போர்டிகோ இல்ல, ஷெட் போட காசும் இல்ல. வேற வழி?

பச்சை நெட். நர்சரியில செடிக்குப் போடுறது, விவசாய சாமான் கடையில மீட்டர் கணக்குல கெடைக்கும். 50, 75, 90ன்னு நிழல் சதவீதம் சொல்லி விப்பான், காருக்கு 75ஓ 90ஓ வாங்குங்க. நாலு ஜிஐ பைப் நட்டு, மேல கம்பி கட்டி, நெட்டை இழுத்துக் கட்டினேன், எனக்கு நானே செஞ்சதால மூவாயிரம் ரூபாயில முடிஞ்சுது. மழை வடியும், காத்து போகும், கவர் மாதிரி உரசாது. மூணு நாலு வருஷத்துல நெட்டே வெயில்ல நொறுங்கிப் போகும், அப்ப நெட் மட்டும் மாத்துனா போதும். காரோட கிளியர் கோட்டை மாத்துறதை விட நெட்டை மாத்துறது எவ்வளவோ மேல்.

முடைஞ்ச ஓலையில ஷெட் போட்டாலும் அருமையான குளிர்ச்சி, ஆனா தூசியும் பூச்சியும் எலியும் வரும், எலி வயரைக் கடிச்சா பெயிண்ட் பிரச்சினையே சின்னதாப் போயிரும்.

இதுவும் முடியலன்னா நிறுத்துற திசையையாவது மாத்துங்க. ஒரே எடத்துல ஒரே திசையில வருஷக்கணக்கா நிறுத்துனா மேற்க பாத்த பக்கம் மட்டும் வெளுக்கும், அப்புறம் ரெண்டு பக்கமும் வேற வேற கலர்ல நிக்கும். ஒரு வாரம் முன்னால பாத்து, ஒரு வாரம் பின்னால பாத்து. மேற்க பாத்த போர்டிகோன்னா மூணு மணிக்கு மேல வெயில் முழுக்க பானெட் மேலதான், அங்க ஒரு மூங்கில் தட்டியோ நெட்டோ தொங்க விட்டா வேலை முடிஞ்சுது.

கடல் காத்து உப்பு பெயிண்டைத் திங்குமா?

முழுசா இருக்குற கிளியர் கோட்டை உப்பு அவ்வளவு சீக்கிரம் ஒண்ணும் பண்ணாது. ஆனா கல் தெறிச்சு தகரம் தெரியுற புள்ளி இருக்கு பாருங்க, பானெட் முன்முனை, சக்கரத்து மேல வளைவு, கதவு அடி ஓரம், அங்க உப்பு போனா துரு ஓடும். குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் இந்தப் பக்கம் வீடு இருக்குறவங்க ஆறு மாசத்துக்கு ஒருக்கா காரைச் சுத்தி வந்து புள்ளி தேடுங்க, கம்பெனி கலர் கோடு பாத்து டச் அப் பேனா வாங்கி அடைச்சு விடுங்க. காரோட அடிப்பக்கத்துக்கும் வெள்ளம் அடிக்கணும், எல்லாரும் மேல மட்டும் குளுப்பாட்டிட்டு விட்ருவாங்க.

இன்னொரு விஷயம் நம்ம கடற்கரைக்கே உள்ளது. மணவாளக்குறிச்சி பக்கத்து மணல்ல இல்மனைட் மட்டும் இல்ல, கார்னெட்னு ஒரு கடினமான கனிமமும் இருக்கு. கார்னெட் எதுக்குப் பயன்படுதுன்னா உப்புத்தாள் செய்றதுக்கும், இரும்புல துரு எடுக்க மணல் அடிக்கிறதுக்கும். அந்தத் தூசி படிஞ்ச காரை காலையில எந்திச்சு காஞ்ச துணியால சரசரன்னு தொடைக்கிறவங்களப் பாக்கும்போது எனக்கு வயிறு எரியும். அதனால கடற்கரைக்காரங்க காஞ்ச துணியைத் தொடவே கூடாது. முதல்ல வெள்ளம், பிறகுதான் துணி.

எப்படிக் கழுவணும்? எத்தனை நாளைக்கு ஒருக்கா?

கடல் ஓரம்னா வாரம் ஒண்ணு, உள்நாடுன்னா ரெண்டு வாரம் போதும். காலையில ஏழு மணிக்குள்ள, இல்லன்னா சாயங்காலம், நிழல்ல. பானெட்ல கை வச்சா சூடா இருந்தா கழுவாதீங்க, சோப்பு காஞ்சு திட்டு விழும். முதல்ல வெறும் வெள்ளம் அடிச்சு மணலை ஓட விடணும், நல்லா ஓட விடணும், அப்புறம் கார் ஷாம்பு. ரெண்டு வாளி வைங்க, ஒண்ணுல ஷாம்பு, ஒண்ணுல சும்மா வெள்ளம், துணியை ஒவ்வொரு தடவையும் சும்மா வெள்ளத்துல அலசிட்டுத்தான் ஷாம்புல முக்கணும், வாளிக்கு அடியில தேங்குற மண்ணைப் பாத்தா அவ்வளவும் இத்தன நாளா கார்லதான் தேச்சோமான்னு தோணும். கூரையில தொடங்கி கீழ வாங்க, சக்கரத்துக்கு வேற துணி.

துணின்னா மைக்ரோஃபைபர். பழைய பனியன், தோர்த்து (குளிக்கிற துண்டு), பெட்ஷீட் துண்டு எல்லாம் வேண்டாம், தோர்த்து தலை தொவத்தத்தான் நல்லது. பாத்திரம் வெளக்குற சோப்பும் துணி சோப்புப் பொடியும் வேண்டாம், மேல போட்ட வாக்ஸையெல்லாம் அதுவே எடுத்துட்டுப் போயிரும்.

ரொம்ப முக்கியம், ஈரத்தைத் தொடச்சு எடுங்க. காத்துல காயட்டும்னு விடக்கூடாது, ஏன்னு அடுத்த கேள்வியில சொல்றேன்.

கழுவின பிறகு வட்ட வட்டமா வெள்ளைக் கறை நிக்குதே?

போர் வெள்ளம். நம்ம கடற்கரை ஊர்கள்ல போர்ல நல்ல வெள்ளம் வர்றவன் பாக்கியவான், மத்தவங்களுக்கு சுண்ணாம்பும் உப்பும் கலந்துதான் வரும். ஒவ்வொரு துளியும் வெயில்ல காயும்போது உப்பை அங்கேயே விட்டுட்டுப் போகும். புதுக்கறைன்னா வெள்ளை வினிகரும் சும்மா வெள்ளமும் சம அளவு கலந்து துணியில நனைச்சு ஒரு நிமிஷம் வச்சுத் தொடச்சு உடனே நல்லா கழுவிருங்க, நிழல்ல செய்யணும், ஊற வச்சிட்டு டீ குடிக்கப் போகாதீங்க. பழைய கறை கிளியர் கோட்டுக்குள்ள இறங்கிருக்கும், அதுக்கு பாலிஷ்தான். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி குடிக்கிற வெள்ளமோ, கிணத்து நல்ல வெள்ளமோ, புடிச்சு வச்ச மழை வெள்ளமோ ஊத்துனா இந்தப் பிரச்சினையே பாதி இல்ல.

வாக்ஸ், டெஃப்லான், செராமிக், பிபிஎஃப்னு சொல்றாங்களே, எது போடலாம்?

இதுலதான் காசு போற எடம், அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

வாக்ஸ்னா பெரும்பாலும் கார்னாபா, பிரேசில்ல ஒரு பனை மரத்து ஓலையில இருந்து எடுக்குற மெழுகு. பளபளப்பு அருமையா இருக்கும், ஆனா நம்ம வெயில்ல ஒரு மாசம், மிஞ்சுனா ரெண்டு மாசம். கையாலயே போடலாம், ஞாயித்துக்கிழமை வேலை. சீலண்ட்னு விக்கிறது செயற்கைப் பிசின், நாலு அஞ்சு மாசம் நிக்கும். எனக்குக் கேட்டா சாதாரண ஆளுக்கு சீலண்ட்தான் சரி, வருஷத்துக்கு ரெண்டு தடவ, பங்குனி வெயில் தொடங்குறதுக்கு முன்னால ஒண்ணு, ஆடிக் காத்து அடங்குன பிறகு ஒண்ணு.

ஷோரூம்ல டெலிவரி நாள்ல டெஃப்லான் கோட்டிங்னு ஒண்ணு பில்லுல சேக்கப் பாப்பாங்க. தோசைக்கல்லுல டெஃப்லான் ஒட்டணும்னா 300 டிகிரிக்கு மேல சூடாக்கணும், காரை அப்படி சூடாக்கவா போறான்? அது பேர் பெருசா வச்ச ஒரு சீலண்ட்தான், சில மாசத்துல போயிரும். வேண்டாம்னு சொல்லிட்டு சாவியை வாங்கிட்டு வாங்க.

செராமிக் கோட்டிங் நெஜமாவே நல்ல சாமான், ரெண்டு மூணு வருஷம் நிக்கும், வெள்ளம் உருண்டு ஓடும், கழுவுறது லேசு, எச்சமும் பிசினும் சீக்கிரம் ஒட்டாது. ஆனா அதோட கனம் ஒண்ணு ரெண்டு மைக்ரான்தான். ஒண்ணு ரெண்டு மைக்ரான் வெயிலைத் தடுத்து நிறுத்திரும்னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு வந்துருங்க. செராமிக் போட்டுட்டு வெட்டவெளியில விட்டா கிளியர் கோட் அதுபாட்டுக்கு சாகும், செராமிக் கொஞ்சம் அழகா சாக விடும். பதினஞ்சாயிரத்துல இருந்து நாப்பதாயிரம் வரை கேக்குறாங்க. அந்தக் காசுல பாதிக்கு நெட்டோ தகர ஷெட்டோ வந்துரும், முதல்ல அதைப் போடுங்க, மிஞ்சுனா செராமிக்.

பிபிஎஃப்னா பெயிண்ட் மேல ஒட்டுற யூரித்தேன் ஃபிலிம். 150, 200 மைக்ரான் கனம், காரோட மொத்த பெயிண்டை விட கனம். இது கதிரையும் தடுக்கும், கல் தெறிக்கிறதையும் தாங்கும். வெலை ரொம்ப கூட, பெரிய காருக்கு ஒன்றரை லட்சம் கூட ஆகும். ஒருபாடு (நெறைய) காசு இருந்தா போடுங்க, இல்லன்னா பானெட்டுக்கும் கூரைக்கும் மட்டும் போடலாம், நம்ம ஊர்ல அடி வாங்குறது அது ரெண்டும்தான. மட்டமான ஃபிலிம் வெயில்ல மஞ்சளிக்கும், மஞ்சளிக்காதுன்னு எழுத்துல வாரண்டி குடுக்குறவங்க கிட்ட மட்டும் போங்க.

எது போட்டாலும் அதுக்கு முன்னால கார் சுத்தமா இருக்கணும், அழுக்கு மேல செராமிக் போட்டா அழுக்கைப் பத்திரமா பூட்டி வச்ச மாதிரி.

மண்ணெண்ணெய், தேங்காண்ணெய் போட்டு தொடச்சா பளபளன்னு இருக்கே?

இருக்கும், சாயங்காலம் வரை. எங்க மாமா டாக்சி ஓட்டுன காலத்துல அம்பாசடருக்கு அதைத்தான் செய்வாரு. எண்ணெய் மேல தூசி அப்பிக்கும், அடுத்த தடவ தொடைக்கும்போது அதுவே தேய்க்கும். தார்ப் புள்ளி எடுக்க மட்டும் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் துணியில தொட்டு ஒத்தி எடுத்து உடனே ஷாம்பு போட்டு கழுவலாம்.

ஏற்கனவே மங்கிருச்சு. பாலிஷ் போட்டா திரும்ப வருமா?

மங்குறதுல ரெண்டு வகை. மேல் பரப்பு மட்டும் கருகி புகை புடிச்ச மாதிரி இருந்தா பாலிஷ்ல வரும். வெள்ளைத் திட்டுக்கு ஓரம் தெரியுது, நகம் வச்சா ஓரம் தட்டுது, உரியுதுன்னா கிளியர் கோட் செத்துருச்சு, அதுக்கு பாலிஷ் போட்டா உரியுறது இன்னும் பெருசாகுமே தவிர வேற ஒண்ணும் ஆகாது. இழைச்சு எடுத்து திரும்ப பெயிண்ட் அடிக்கிறதுதான் வழி.

பாலிஷ்ங்கிறதே கிளியர் கோட்டைக் கொஞ்சம் சீவி எடுக்குறதுதான், வேற மாயம் ஒண்ணும் இல்ல. இருக்குறதே 40, 50 மைக்ரான், ஒவ்வொரு தடவையும் ரெண்டு மூணு போகும், அதுல வெயில் மருந்து நெறைய இருக்குறது மேல் பக்கத்துலதான். வருஷா வருஷம் சர்வீஸ் விடும்போதெல்லாம் ‘ரப்பிங் பாலிஷ் போட்டுருவோமா சார்’னு கேப்பாங்க, வேண்டாம்னு சொல்லுங்க. கார் ஆயுசுல மூணு நாலு தடவ போதும். பெயிண்ட் கனம் அளக்குற சின்ன மீட்டர் வச்சிருக்கானான்னு கேட்டுட்டு காரை அவன் கையில குடுங்க, அது இல்லாதவன் இருட்டுல கத்தி வீசுற மாதிரி.

புதுசா பெயிண்ட் அடிச்ச எடத்துல ஒரு மாசத்துக்கு வாக்ஸ், செராமிக் எதுவும் போடக்கூடாது, உள்ள இருக்குற தின்னர் வெளிய போகணும்.

ஹெட்லைட் மஞ்சளிச்சுப் போச்சே?

அதுவும் இதே வெயில்தான். அது கண்ணாடி இல்ல, பாலிகார்பனேட், மேல ஒரு பாதுகாப்புப் பூச்சு இருக்கும், அது போனதும் மஞ்சளிக்கும். பேஸ்ட் போட்டு தேச்சா தெளியும், ரெண்டு மாசத்துல முன்னைவிட மோசமா திரும்பும், ஏன்னா மிச்சம் இருந்த பூச்சையும் நாமளே தேச்சு எடுத்துட்டோம். தேச்ச பிறகு கதிர் தாங்குற கிளியர் அடிக்கிற ஆள் கிட்ட குடுங்க.

இன்சூரன்ஸ்ல கிளெய்ம் பண்ணலாமா?

முடியாது. நாள்பட்ட தேய்மானம் பாலிசியில சேராது, வெயில்ல மங்குறது அதுக்குள்ளதான் வரும்.

மங்குன செவப்பை வெள்ளையா மாத்திரலாமா?

மாத்தலாம், ஆனா ஆர்சி புக்குல கலர் எழுதிருக்கும், டிஎன் 74னா நாரோயில், 75னா மார்த்தாண்டம் ஆர்டிஓ ஆபீஸ்ல முறையா எழுதிக் குடுத்து மாத்திக்கணும். இல்லன்னா செக்கிங்லயும் விக்கும்போதும் தலவலி. ஸ்டிக்கர் ராப் ஒட்டி மொத்தமா வேற கலராக்குறதும் இதே கணக்குதான். ராப் நம்ம வெயில்ல கூரையிலயும் பானெட்லயும் சீக்கிரம் காஞ்சு வெடிக்கும், ரொம்ப வருஷம் விட்டா பசை பெயிண்ட்லயே நின்னுரும்.

நான் துபாய்ல இருக்கேன், ஊர்ல கார் சும்மா நிக்குது, வருஷத்துல ஒரு மாசம்தான் வருவேன்?

நம்ம மாவட்டத்துல இந்தக் கேள்விக்கு ஆள் ஒருபாடு. கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்ன நல்லா கழுவி, முழுசா காய வச்சு, சீலண்ட் ஒரு கோட் போட்டுருங்க. கூரைக்குக் கீழ நிக்குதுன்னா லேசான பருத்தித் துணிக் கவர் போதும். வெட்டவெளின்னா கவர் வேண்டாம், நெட் கட்டிட்டுப் போங்க. வீட்ல தம்பியோ பக்கத்து வீட்டு அண்ணாச்சியோ யாராவது மாசம் ஒருக்கா வெறும் வெள்ளம் அடிச்சு விடட்டும். காஞ்ச துணியால தொடைக்க வேண்டாம்னு மட்டும் போன்ல சொல்லிருங்க, ரெண்டு தடவ சொல்லுங்க, பாசத்துல தொடச்சிருவாங்க. வைப்பருக்கு அடியில, கதவு இடுக்குல, பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல இருக்குற பள்ளத்துல இலை சேரும், மழையில ஊறி அழுகி பெயிண்ட்டையும் திங்கும் தகரத்தையும் திங்கும், அதை எடுத்து விடச் சொல்லணும்.

உங்க செவப்பு கார் இப்ப என்னாச்சு?

கூரையும் பானெட்டும் திரும்ப பெயிண்ட் அடிச்சேன். முதல்ல ஒரு கடையில வெலை கம்மின்னு குடுத்து, மட்டமான கிளியர் அடிச்சு, ரெண்டே வருஷத்துல திரும்ப உரிஞ்சுது. ரெண்டாவது தடவ வேற ஆள் கிட்ட, கிளியர் டப்பாவை என் கண்ணு முன்னால தொறந்து, கிளியரை இறுக வைக்குற ஹார்ட்னர் அளந்து கலக்கச் சொல்லி, பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்துட்டேன், அவருக்கு எரிச்சலா இருந்திருக்கும். அது ஆகி இப்ப அஞ்சாவது வருஷம், பச்சை நெட்டுக்குக் கீழ நிக்குது, கூரை நல்லா இருக்கு. கதவு மட்டும் பழைய செவப்பு, கூரை புது செவப்பு, உத்துப் பாத்தா தெரியும். போன வாரம் நெட்ல ஒரு ஓட்டை கண்டுபுடிச்சு சரியா அது வழியா ஒரு காக்கா போட்டுட்டுப் போயிருக்கு, டிக்கியில இருந்த பாட்டிலை எடுத்தேன்.